குழல் அடைத்தால் கை போகக் கூடாது

பனி கொட்டும் நாடுகளில் குளிர்காலம் தொடங்கியதும் கை அறுவை மருத்துவர்களிடம் ஒரே மாதிரியான காயத்தோடு ஆட்கள் வருவார்கள். பெரும்பாலும் பழக்கப்பட்ட கைதான் அடிபட்டிருக்கும். விரல்கள் நுனியில் நசுங்கியோ துண்டாகியோ இருக்கும். வீட்டின் முன்னால் கார் நிறுத்தும் பாதையில் விழுந்த பனியை அள்ளித் தூர எறிகிற, பின்னால் நடந்தபடியே ஓட்டுகிற ஸ்னோ புளோவர் என்ற இயந்திரத்தின் வேலை அது. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீடு ஒன்று, ஆண்டுக்குச் சுமார் 5,700 பேர் இந்த இயந்திரத்தால் அடிபட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போவதாகச் சொன்னது. ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் என்று டொரொன்டோவைச் சுற்றிக் குடியேறிய தமிழர் வீடுகளின் கராஜ்களிலும் இந்த இயந்திரம் நிற்கிறது. யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ வளர்ந்தவருக்கு மண்வெட்டி பிடிக்க வீட்டில் பெரியவர்கள் சொல்லித் தந்திருப்பார்கள். இதைச் சொல்லித்தர அப்படி யாரும் இருந்ததில்லை. கடைக்காரர் சொல்வதும் கையேட்டின் முதல் பக்கம் சொல்வதும் ஒன்றுதான்: கவனமாக இருங்கள். அந்த அறிவுரை போதாது என்பதே என் வாதம். இந்த இயந்திரத்தில் விரலைக் காப்பாற்றுவது, விபத்து நடக்கும் நொடியில் இருக்கும் கவனத்தைவிட, அதற்குப் பல வாரம் முன்னால் கராஜில் செய்து முடித்த பராமரிப்புதான்.

இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது புரியும். வீடுகளில் பரவலாக இருப்பது இரண்டு கட்ட இயந்திரம். முன்வாயில் குறுக்காக ஒரு திருகு மெதுவாகச் சுழன்று, பனியை இரு பக்கத்திலிருந்தும் நடுவுக்கு இழுத்துக் கொடுக்கும். இதை ஆகர் என்பார்கள். அதற்குப் பின்னால், வெளியிலிருந்து சரியாகக் கண்ணுக்குப் படாத இடத்தில், இம்பெல்லர் என்ற இரும்பு விசிறி இருக்கிறது. நடுவுக்கு வந்த பனியை வாங்கி, மேலே நீளும் குழல் வழியாகப் பத்து மீட்டருக்கும் அப்பால் வீசுவது அதுதான். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று என்பது அதற்குச் சாதாரண வேகம். முப்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள விசிறியானால் அதன் ஓரம் மணிக்கு 55 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது என்று கணக்கு வரும். மூன்று அல்லது நான்கு தகடுகள். ஒரு நொடிக்குள் ஐம்பது முறையாவது ஏதோ ஒரு தகடு குழலின் அடிவாயைக் கடந்து போகும். முன்வாயின் திருகு பெரிதாக, பயமுறுத்தும் தோற்றத்தோடு இருப்பதால் யாரும் அதற்குள் எளிதில் கையை விடுவதில்லை. குழலோ சாதுவான ஒரு தகரக் குழாய்போல் இடுப்பு உயரத்தில் நிற்கிறது. விரல்கள் போவது பெரும்பாலும் அங்கேதான்.

அங்கே கையை விடுகிறவர்கள் அசட்டையானவர்களா? அமெரிக்கக் கை அறுவை மருத்துவர் சங்கம் இந்தக் காயங்கள் எப்போது கூடுகின்றன என்று சொல்லியிருப்பதைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. பனி ஈரமாகவும் கனமாகவும் இருக்கும் நாள், ஆறு அங்குலத்துக்கு மேல் கொட்டிய நாள், வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 2 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் இருக்கும் நாள். அசட்டைதான் காரணமென்றால் காயங்கள் எல்லாப் பனிநாளிலும் பரவிக் கிடந்திருக்க வேண்டும். மைனஸ் 15 டிகிரியில் மாவு போலப் பொழியும் உலர்ந்த பனியின்போதும் மனிதன் அதே மனிதன்தான். அதே அவசரம், அதே வேலைக்குப் போகும் நேரம். அன்று குழல் அடைப்பதில்லை என்பது மட்டுமே வித்தியாசம். உறைநிலையை ஒட்டிய ஈரப்பனி தகட்டில் ஒட்டும், அழுந்தும், குழலின் வளைவில் ஒரு கட்டியாக இறுகும். அடைப்பு வருகிற நாளில்தான் கை உள்ளே போகிறது. ஆகவே அடைப்பைக் குறைக்கும் ஒவ்வொரு காரியமும் விரலைக் காக்கும் காரியம்.

அந்த நொடியை நெருங்கிப் பார்ப்போம். குழலிலிருந்து சீறி வந்துகொண்டிருந்த பனி தடைப்பட்டு, சேறுபோல நாலு சொட்டாக விழுந்து நின்றுவிடுகிறது. எஞ்சின் சத்தம் ஒரு சுருதி இறங்குகிறது. ஓட்டுபவர் பிடியை விடுகிறார். பொறுப்பானவர், எஞ்சினையும் அணைக்கிறார். குனிந்து பார்த்தால் குழலின் அடியில் சாம்பல் நிறத்தில் ஈரக்கட்டி, உள்ளங்கை அளவுதான். கையுறை தடிமனாக இருக்கிறது. தள்ளிவிட்டால் இரண்டு நொடி வேலை. இங்கேதான் பலரும் சொல்லும் மறுப்பு எழுகிறது: எஞ்சினைத்தான் அணைத்தாகிவிட்டதே, இனி என்ன ஆபத்து? ஆபத்து அந்தக் கட்டிக்குள் இருக்கிறது. சுழன்றுகொண்டிருந்த விசிறியைப் பனிக்கட்டி பிடித்து நிறுத்தியபோது, அதைத் தள்ளிக்கொண்டிருந்த விசை எல்லாம் உடனே மறைந்துவிடுவதில்லை. பெல்ட்டின் இழுவையிலும் தண்டின் முறுக்கிலும் அதில் ஒரு பங்கு தேங்கி நிற்கக்கூடும். விரல் கட்டியை நகர்த்திய கணமே விசிறி விடுபட்டுக் கால் சுற்றோ அரைச் சுற்றோ துள்ளும். எஞ்சின் அணைந்த பிறகும் வரும் இந்தத் துள்ளலைப் பற்றி மருத்துவர் சங்கமே தனியாக எச்சரிக்கிறது. இரும்புத் தகட்டுக்கும் உறைக்கும் நடுவே மாட்டிய விரலுக்குக் கால் சுற்று போதும். கையுறை இதில் காப்பு ஆகாது. தகடு கையுறைத் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

எனவே விதி ஒன்றுதான், அதற்கு விலக்கு கிடையாது. பிடிகள் இரண்டையும் விடுங்கள். பல இயந்திரங்களில் சக்கரத்தை ஓட்டும் பிடியை அழுத்தியிருக்கும் வரை, திருகின் பிடியைக் கைவிட்டாலும் அது பூட்டப்பட்ட நிலையிலேயே இருந்து திருகைச் சுழற்றிக்கொண்டிருக்கும். ஒரு கையால் குழலைத் திருப்புவதற்காகச் செய்த வசதி அது. தெரியாதவருக்கு அதுவே பொறி. பிறகு எஞ்சினை அணையுங்கள், சாவியை எடுங்கள், ஐந்து நொடிக்குக் குறையாமல் காத்திருங்கள், எல்லாம் அசைவற்று நின்றதைக் கண்ணால் பாருங்கள். அதன் பிறகும் கைக்கு வேலை இல்லை. இயந்திரத்தின் மேலேயே மாட்டி வரும் பிளாஸ்டிக் துடுப்பை எடுத்துக் குத்திவிடுங்கள். துடுப்பு தொலைந்துபோயிருந்தால் உடைந்த துடைப்பக் கட்டை போதும். கட்டை துண்டானால் இன்னொரு கட்டை கிடைக்கும். இதற்கு நேரமாகிறது என்பது இரண்டாவது மறுப்பு. ஒரு அடைப்புக்கு அரை நிமிடம் ஆகலாம். ஈரப்பனி நாளில் அரை மணி நேரத்தில் பத்து முறை அடைத்தால், பதினோராவது முறை யாரும் அணைக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். மனித இயல்பு அது; அதைத் திட்டிப் பயனில்லை. பத்து முறை அடைக்கிற இயந்திரத்தை ஒரு முறை அடைக்கிற இயந்திரமாக மாற்றுவதே அதற்கான பதில்.

இந்த இடத்தில் இயந்திரத்தின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கலாம். கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிகார் 1925இல் தானாக ஓடும் பனி எறியும் வண்டியை உருவாக்கி, 1927இல் மொன்ட்ரியாலை ஒட்டிய உட்ரமோன் நகரத்துக்கு விற்றார். வயலில் கதிரடிக்கும் இயந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை பிறந்தது என்பார்கள். இந்த உறவு நமக்குப் பல விஷயங்களைச் சொல்கிறது. கதிரடிக்கும் இயந்திரத்தின் வாயில் கதிரோடு கையையும் கொடுத்துவிட்ட விவசாயத் தொழிலாளர்கள் இந்தியாவில் ஏராளம். அதன் விளைவாகத்தான் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது. தொழிலாளியைக் கவனமாயிரு என்று சொல்லி நிறுத்தாமல், இயந்திரத்தை இப்படித்தான் செய்ய வேண்டும் என்று தயாரிப்பாளருக்குப் பொறுப்பைக் கொடுக்க முயன்ற சட்டம் அது. ஸ்னோ புளோவரில் கை எடுத்ததும் சுழற்சியை நிறுத்தும் பிடியும் அதே சிந்தனையின் பிள்ளைதான். அந்தப் பிடியைக் கயிறு போட்டோ டேப் சுற்றியோ கட்டிவைப்பவர்கள் இருக்கிறார்கள். குளிரில் விரல் மரத்துப்போகிறது என்று காரணம் சொல்வார்கள். மரத்த விரலுக்குச் சூடான கையுறையும் நடுவில் பத்து நிமிட ஓய்வும் மருந்து. கட்டிய பிடி, சறுக்கி விழுந்தவரை விட்டுவிட்டு இயந்திரத்தை ஓடவிடும்.

இப்போது கராஜுக்கு வருவோம். குழல் ஏன் அடைக்கிறது? பனி ஈரமாக இருப்பது ஒரு காரணம். அதை நம்மால் மாற்ற முடியாது. விசிறி வேகம் குறைவதும், பனி ஒட்டிக்கொள்ள இடம் கிடைப்பதும் மற்ற இரண்டு காரணங்கள். இரண்டும் நம் கையில் இருக்கின்றன. வேகம் குறைவதற்கு முதல் காரணம் பழைய பெட்ரோல். ஏப்ரலில் கடைசியாக ஓட்டி, தொட்டியில் பாதி பெட்ரோலோடு மூலையில் தள்ளி வைத்த இயந்திரத்தில், டிசம்பருக்குள் அந்தப் பெட்ரோல் கெட்டுப் பிசினாகி, கார்புரேட்டரின் ஊசித்துளைகளை அடைத்திருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட எஞ்சின் ஓடும். ஆனால் ஏறி இறங்கி இருமிக்கொண்டே ஓடும், சுமை வந்ததும் தளரும். விசிறி தளர்ந்தால் பனியை மேலே எறியும் விசை போய்விடும், குழல் அடைக்கும், கை நீளும். வசந்தத்தில் பெட்ரோலை ஓட்டித் தீர்க்காத சோம்பல், எட்டு மாதம் கழித்து விரலைக் கேட்கிறது என்று நான் சொல்வது மிகையில்லை. பருவம் முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து, எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிட வேண்டும். அல்லது பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவத்தைக் கலந்து, அது கார்புரேட்டருக்குள்ளும் போகும்படி சில நிமிடம் ஓட்ட வேண்டும். பருவத்தின் நடுவிலும் ஒரு மாதத்துக்கு மேல் பழசான பெட்ரோலை நம்ப வேண்டாம்.

வேகம் குறைய இரண்டாவது காரணம் பெல்ட். தேய்ந்து பளபளத்துப்போன பெல்ட் வழுக்கும். எஞ்சின் முழு வேகத்தில் ஓடினாலும் விசிறி அந்த வேகத்தில் சுற்றாது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. குழல் மட்டும் அடிக்கடி அடைக்கும். பிடியின் கம்பி தளர்ந்திருந்தாலும் இதே கதைதான். வருடத்துக்கு ஒருமுறை மூடியைக் கழற்றிப் பார்த்து, விளிம்பு பிரிந்திருந்தால் மாற்றிவிடலாம். பழைய இயந்திரங்களில் விசிறித் தகட்டுக்கும் அதன் உறைக்கும் இடையே இடைவெளி கூடியிருக்கும். ஈரப்பனி அந்த இடைவெளியில் பின்வாங்கி இறுகும். தகட்டின் ஓரத்தில் தடித்த ரப்பர் பட்டைகளைப் பொருத்தி அந்த இடைவெளியை மூடுவது பலருக்குத் தெரிந்த வழி. பிறகு, ஒட்டும் இடம். பெயின்ட் உதிர்ந்து துருவேறிச் சொரசொரத்த குழலில் பனி பிடித்துக்கொள்ளும். துருவைத் தேய்த்து மீண்டும் பெயின்ட் அடித்து, ஒவ்வொரு பனிப்பொழிவுக்கும் முன்னால் குழலிலும் விசிறியிலும் சிலிக்கான் தெளித்தால் அதே பனி வழுக்கிக்கொண்டு போகும். கராஜின் வெப்பத்தில் இருந்த இரும்பில் பனி பட்டதும் உருகி, மறுபடி உறைந்து ஒட்டும் என்பதால் வேலைக்கு முன் இயந்திரத்தைச் சிறிது நேரம் வெளியே நிறுத்திக் குளிரவிடுவதும் உதவும். வேலை முடிந்ததும் திருகை ஒன்றிரண்டு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு மிச்சப் பனியை உதறிவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் விசிறி உறைக்குள் உறைந்து கிடக்கும்.

பராமரிப்பில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் ஷியர் பின். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. மென்மையான உலோகத்தில் செய்த, சில டாலர் பெறுமானமுள்ள ஓர் ஆணி. திருகை அதன் தண்டோடு இணைத்து வைத்திருப்பது அதுதான். பனிக்கடியில் கல்லோ, உறைந்த செய்தித்தாள் சுருளோ, கிறிஸ்துமஸ் விளக்கின் ஒயரோ திருகில் சிக்கினால், அந்த ஆணி தானாக முறிந்து கியர்பாக்ஸைக் காப்பாற்றும். முறிவதற்காகவே செய்யப்பட்ட ஆணியை அடிக்கடி முறிகிறது என்று அலுத்துக்கொண்டு, கடையில் கிடைத்த கெட்டியான போல்ட்டைப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அடுத்த கல்லில் முறிவது கியர்பாக்ஸ். பழுது பார்க்கும் செலவுக்குப் பழைய இயந்திரமே ஒன்று வாங்கிவிடலாம். ஆணி முறிவதே அதிகமாக இருந்தால் தரையைப் பார்க்க வேண்டும். முன்வாயின் இருபுறமும் உள்ள சறுக்குக் கட்டைகளைச் சரளைக்கல் தரையில் ஓர் அங்குலத்துக்குமேல் உயர்த்தி வைத்தால் கல் உள்ளே வராது. தார்த் தரையில் தாழ்த்தி வைக்கலாம். முதல் பனிக்கு முன்பே பாதையில் கிடக்கும் மிதியடி, தண்ணீர்க் குழாய், பிள்ளைகளின் பொம்மை எல்லாவற்றையும் எடுத்துவிடுவது இன்னும் எளிது. உள்ளே போன கல் திருகில் சிக்காவிட்டால் குழல் வழியே பறக்கும். வேலை நடக்கும்போது பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டியது அதனால்தான்.

ஓட்டும் முறையிலும் அடைப்பைத் தவிர்க்கும் வழி இருக்கிறது. பலரும் தலைகீழாகச் செய்வது இதைத்தான். ஈரப்பனி என்றால் பயந்து எஞ்சினை மெதுவாக வைத்து, வேலையை முடிக்கும் அவசரத்தில் வேகமாக நடப்பார்கள். எஞ்சின் முழு வேகத்தில் இருக்க வேண்டும், நடை மெதுவாக இருக்க வேண்டும். வாயின் முழு அகலத்துக்கும் பனியைக் கொடுக்காமல் பாதி அகலம் மட்டும் கொடுத்தால் விசிறிக்கு மூச்சு விட இடமிருக்கும். முப்பது சென்டிமீட்டர் சேரும் வரை காத்திருக்காமல் பத்து, பதினைந்திலேயே ஒரு முறை தள்ளிவிடுவது நல்லது. நகராட்சி வண்டி சாலையைத் துடைத்துக்கொண்டு போகும்போது நம் பாதையின் வாயில் விட்டுச்செல்லும் உப்புக் கலந்த மேடுதான் மிகவும் மோசமானது. அதை நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கடிக்க வேண்டும். எடுத்த பனியைச் சாலையில் எறிவது ஒன்டாரியோவில் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வைத்துக் குழலைத் திருப்புங்கள்.

இத்தனை தொல்லைக்குப் பேசாமல் கையால் அள்ளிவிடலாமே என்பது நியாயமான கேள்வி. விரலுக்கு அது பாதுகாப்புதான். பத்து மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலமுள்ள பாதையில் 20 சென்டிமீட்டர் பனி விழுந்தால் பன்னிரண்டு கன மீட்டர்; உலர்ந்த பனியென்றாலே ஒரு டன்னுக்கு மேல், ஈரமென்றால் மூன்று டன்னைத் தாண்டும். கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையிலான மருத்துவமனைச் சேர்க்கைகளையும் மரணங்களையும் ஆராய்ந்து 2017இல் கனடிய மருத்துவச் சங்க இதழில் ஓர் ஆய்வு வெளியானது. 20 சென்டிமீட்டர் பனி கொட்டிய மறுநாள், ஆண்கள் மாரடைப்போடு மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 16 சதவீதமும், மாரடைப்பால் இறக்கும் வாய்ப்பு 34 சதவீதமும் கூடியிருந்தது; பெண்களிடம் இந்த உயர்வு காணப்படவில்லை. கையால் பனி அள்ளுவதே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். தெற்காசியர்களுக்கு இதயநோய் இளம் வயதிலேயே வரும் போக்கு இருப்பதால், ஐம்பதைத் தொட்ட தமிழ் ஆண்களுக்கு இந்த எண்கள் கூடுதல் பாரம் உடையவை. இயந்திரத்தை விட்டுவிடுங்கள் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் அதை ஒழுங்காக வைத்திருப்பதைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

பேட்டரியில் ஓடும் இயந்திரம் இந்தக் கவலையைப் போக்கிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. பெட்ரோல் கெடும் தொல்லையும் கார்புரேட்டர் தொல்லையும் அதில் இல்லை. அது பெரிய லாபம். புகையும் இல்லை. பெட்ரோல் இயந்திரத்தைக் குளிருக்கு அஞ்சிக் கராஜுக்குள்ளேயே ஓடவிட்டு, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடுக்குப் பலியானவர்களும் இருக்கிறார்கள். 1992க்குப் பிறகு ஸ்னோ புளோவர் தொடர்பாகத் தனக்குத் தெரியவந்த 19 மரணங்களைப் பற்றிச் சொன்ன அமெரிக்க ஆணையம், அவற்றில் ஐந்து இந்த வாயுவால் நேர்ந்தவை என்றது. இயந்திரத்தில் சிக்கி இறந்தவர்கள் இருவர். கதவு திறந்திருந்தாலும் கராஜுக்குள் எஞ்சின் ஓடக் கூடாது, சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றவும் கூடாது. ஆனால் குழலையும் சுழலும் தகட்டையும் பொறுத்தவரை பேட்டரி இயந்திரம் வேறு சாதி இல்லை. பேட்டரி உள்ளே இருக்கும்போது சத்தமே இல்லாமல் நிற்கும் அது, அணைந்துவிட்டது என்ற எண்ணத்தை இன்னும் எளிதாகக் கொடுக்கும். அதில் அடைப்பை நீக்கும் முன் பேட்டரியையே வெளியே எடுத்துவிட வேண்டும்.

புதிதாகக் குடியேறியவர்கள் பெரும்பாலும் பழைய இயந்திரத்தைத்தான் வாங்குகிறார்கள், அதுவும் முதல் பெரும்பனி கொட்டிய வாரத்தில், விலை ஏறிய பிறகு. செப்டம்பரிலேயே தேடுங்கள், பார்க்கப் போகும்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறதா என்பதோடு நின்றுவிட வேண்டாம். குழலை வலம், இடம் திருப்பிப் பாருங்கள். துடுப்பு அதன் இடத்தில் மாட்டியிருக்கிறதா, பிடியில் டேப் சுற்றிய தழும்பு இருக்கிறதா, ஷியர் பின் இருக்க வேண்டிய துளையில் வேறு போல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். திருகின் பிடியை அழுத்திச் சுழலவிட்டு, பிறகு இரண்டு பிடிகளையும் விட்டுவிட்டு எண்ணுங்கள். ஐந்து எண்ணுவதற்குள் திருகு முழுதாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சரிசெய்து தரும்வரை பணம் கொடுக்க வேண்டாம். நின்றால், மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள். கையேட்டைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம். அதில் குறிப்பிட்ட அளவில் ஷியர் பின் ஒரு பாக்கெட்டும், பெல்ட் ஒன்றும் அப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். டிசம்பரில் கடையில் அந்த அலமாரி காலியாக இருக்கும்.